திரையில் முன்னூற்று எழுபத்தொன்று

ஷோரூமில் வண்டி விற்கிறவன் என்றாலே புளுகன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆறு வருடமாக மின்சாரக் கார் விற்கிறேன். வாடிக்கையாளரிடம் வாய்விட்டு ஒரு பொய் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் எங்களுக்கு இல்லை, பொய்யை வண்டியே சொல்லிவிடும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று ஒரு எண் தெரியும். அந்த எண் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதோடு, கடைசி சில நாட்கள் எப்படி ஓட்டினோம் என்பதையும் பார்த்துக் கணக்குப் போடும். மெதுவாக ஓட்டியிருந்தால் தாராளமாகச் சொல்லும். விரட்டியிருந்தால் கையை இறுக்கிக்கொள்ளும். அதனால் வாடிக்கையாளர் வருகிற நாளில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் சைக்கிள் வேகத்தில் வண்டியில் சுற்றிக்கொண்டே இருப்போம். எங்களுக்குள் அதற்கு 'நம்பருக்குத் தீனி போடுறது' என்று பெயர். நன்றாகத் தீனி தின்ற நம்பரைக் காட்டி, "நீங்களே பாருங்க சார்" என்று மட்டும் சொல்வோம்.

என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடமாகிவிட்டது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மதிய வகுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு டயாலிசிஸுக்குப் போய்விடுவாள். நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுவார்கள். வீட்டுக்கு வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வருவாள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்துகிற ஆஸ்பத்திரி முன்னூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய நகரத்தில் இருந்தது. அங்கே வரிசையில் பெயர் பதிந்திருந்தோம். இறந்துபோன யாருடைய சிறுநீரகமாவது பொருந்தினால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எப்போதும் இரண்டு பேரைக் கூப்பிட்டு வைப்பார்களாம். முதல் ஆள் வரவில்லை என்றால், அல்லது ரத்தம் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டாவது ஆளுக்கு வைத்துவிடுவார்கள். வெளியே எடுத்த சிறுநீரகம் யாருக்காகவும் காத்திருக்காது என்று பதிவு செய்த அன்றே சொல்லி அனுப்பினார்கள்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு மாமா. அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அந்த வண்டியின் புகை நாற்றத்திலும் குலுக்கலிலும் அக்கா பாதி வழியில் வாந்தி எடுப்பாள். நான்தான் அதைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் எடுக்கச் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன், ஊருக்குள் அந்த வண்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை. சத்தம் கிடையாது, நாற்றம் கிடையாது, அக்கா ஒரு நாளும் வாந்தி எடுக்கவில்லை. மாமா அவளுக்காகவே பள்ளம் பார்த்து, வேகம் ஏறாமல், நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுவார். ஒன்றரை வருடமாக அந்த நம்பருக்கு அவர் தெரியாமலே தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டில் பெயிண்ட் காண்ட்ராக்டர் ஒருவர் இருந்தார். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய டீசல் வண்டி. என்னைப் பார்த்தாலே வம்புக்கு இழுப்பார்.

"தம்பி, உன் வண்டியும் என் போனும் ஒண்ணுதான். அவசரத்துக்கு எடுத்தா செத்துக் கெடக்கும்."

"நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்கண்ணே, அப்புறம் பேசுங்க."

இப்படியே எட்டு மாதம் அவர் காலைச் சுற்றினேன். கடைசியில் ஆள் இறங்கி வந்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மனைவியோடு ஷோரூமுக்கு வந்து பதிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அவர் ஒரு வண்டி எடுத்தால் அவரோடு வேலை செய்யும் இன்னும் நான்கு காண்ட்ராக்டர்கள் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜரிடம் வேறு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

புதன்கிழமைகளில் எனக்கு விடுமுறை. அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அன்றைக்கும் போயிருந்தேன். பள்ளிக்குக் கோடை விடுமுறை என்பதால் அக்கா வீட்டில் இருந்தாள், மாமா மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலை பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. மாமா எடுத்தார். சமையலறை வாசலில் நின்றபடியே "சரிங்க… சரிங்க…" என்று ஆறேழு தடவை சொன்னார். வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை மணிக்குள்ள?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணி. நம்மதான் முதல் பேராம்."

நான்கு வருடத்தில் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு எழுந்து போய்ப் பையை எடுத்து வந்தாள். அந்தப் பையை அவள் கட்டிவைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நாங்கள் வெளியே வந்தபோது காண்ட்ராக்டர் தன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மாமா கையில் திணித்தார்.

"இதுல போங்க. நேத்துதான் டேங்க்கை ரொப்பினேன், போய்ட்டுத் திரும்பி வர வரைக்கும் எங்கயும் நிக்க வேணாம். சொல்லுங்க, நானே ஓட்டிட்டு வரேன்."

மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அக்கா அதற்குள் எங்கள் வண்டியின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கியிருந்தாள். நான் எட்டித் திரையைப் பார்த்தேன். முன்னூற்று எழுபத்தொன்று என்று இருந்தது. பேட்டரி எண்பது சதவீதம். அதற்கு மேல் ஏற்றினால் பேட்டரி ஆயுசு குறையும் என்று மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அந்த முன்னூற்று எழுபத்தொன்று பொய் என்று அந்தத் தெருவில் எனக்கு ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் விரட்டினால் அது இருநூற்று நாற்பதுக்கு வந்துவிடும். நடுவே ஒரு இடத்தில் அரை மணி நேரம் சார்ஜ் போட வேண்டியிருக்கும். அப்படிப் போட்டாலும் நான்கு மணிக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கை நான் எதற்காகப் போட்டேன் என்பதுதான் விஷயம். டீசல் வண்டி கையில் இருக்கும்போது போட வேண்டிய கணக்கே இல்லை அது. எட்டு மாதமாக எந்த மனிதரிடம் 'எங்க வண்டி எங்க வேணும்னாலும் போகும்' என்று சொன்னேனோ, அவர் முன்னாலேயே, சொந்த அக்காவை ஏற்றிக்கொண்டு அவருடைய டீசல் வண்டியில் போனால் வெள்ளிக்கிழமை அவர் எப்படி வருவார்? இது அவ்வளவும் என் மண்டைக்குள் ஒரு நொடியில் ஓடியது. வாய் தானாகத் திறந்தது.

"எதுக்குண்ணே? முன்னூத்தி எழுபது காட்டுது பாருங்க. போற வழியில ஒரு டீ குடிக்கிற நேரம் போட்டா திரும்பி வரதுக்கும் சேர்த்து ஏறிடும்."

"தம்பி, விளையாடாத. நிச்சயமாப் போயிருமா?"

"நான் விக்கிற வண்டிண்ணே," என்று சிரித்தேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். "அவனுக்குத் தெரியாததா," என்று சொல்லி மாமா சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஓட்டியது நான். பதினொன்றே காலுக்குள் நெடுஞ்சாலை ஏறிவிட்டோம். எதிர்க்காற்று பலமாக இருந்தது. வெயிலும் கொளுத்தியது. அறுபது கிலோமீட்டர் போவதற்குள் திரையில் நூறுக்கு மேல் இறங்கிவிட்டது. மாமா அதைப் பார்க்காத மாதிரி பேசிக்கொண்டே வந்தார். ஆபரேஷன் முடிந்தால் அக்கா வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கலாம் என்றார். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். "ஒரு செம்புத் தண்ணிய நிறுத்தாம குடிக்கணும்," என்று அக்கா பின்னால் இருந்து சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம்.

நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் ஒரு ஓட்டல் வளாகத்தில் சார்ஜ் போடும் இடம் இருந்தது. என் போனில் அது வேலை செய்வதாகப் பச்சையாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் இரண்டு மெஷினிலும் கேபிளை யாரோ செம்புக்காக அடியோடு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்தில் கார் கழுவிக்கொண்டிருந்தவர், "மூணு வாரமாச்சுங்க, ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல," என்றார். அப்போது மணி ஒன்று. பேட்டரியில் இருபது சதவீதம் இருந்தது. அடுத்த இடம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். இதே வேகத்தில் போனால் அங்கே போய்ச் சேரும்போது அநேகமாகக் காலியாகிவிடும். அந்த இடமும் இப்படி இருந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

ஏ.சி.யை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பின்னால் இழுக்கும், அதனால் அதையும் ஏற்றிவைத்து அறுபதில் உருட்டினேன். உள்ளே அடுப்படி வெக்கை. லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் அக்காவின் முகம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. அவள் கண் திரையிலேயே இருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வகுத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அவள் வகுத்தால் விடை தப்பாது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு அடுத்த இடத்துக்கு வந்தோம். பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரே ஒரு மெஷின். அதில் ஏற்கெனவே ஒரு வண்டி மாட்டியிருந்தது. அதன் சொந்தக்காரர், தாடி வைத்த ஒரு மனிதர், நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தன் வண்டியிலிருந்து கேபிளை உருவிக் கொடுத்துவிட்டார். "என் வண்டி பத்து பர்சென்ட்லதான் இருக்கு, இல்லேன்னா நானே கொண்டுபோய் விட்ருவேன்," என்றார். அவருக்கு நன்றி சொல்லி மாட்டினேன். இருபத்தைந்து நிமிடம் போதும், கிளம்பினால் நான்கே கால் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

பதினைந்து நிமிடம் ஆகியும் நான்கு சதவீதம்தான் ஏறியிருந்தது. மணிக்கு அறுபது யூனிட் கொடுக்க வேண்டிய மெஷின் எட்டுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. வெயிலில் மெஷின் சூடாகிவிட்டால் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். இதை நான் எத்தனையோ பேருக்கு, "எல்லாம் பாதுகாப்புக்குத்தான் சார்" என்று பெருமையாக விளக்கியிருக்கிறேன். மெஷினில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நயமாக, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்," என்றாள். ஆஃப் பண்ணினேன். திரும்ப உயிர் வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. வந்து, மறுபடியும் எட்டு.

யாரைத் திட்டுவது? தாடிக்காரர் நல்ல மனிதர். போனில் பேசிய பெண் எங்கோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள். பங்க்கில் வேலை செய்தவர் அக்காவுக்கு ஒரு ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு மெஷினை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. உதைத்தும் விட்டேன். கால்தான் வலித்தது.

மாமா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை என்றார்கள். வாடகை வண்டிக்குப் போன் செய்தார். நாற்பது நிமிடத்தில் வருகிறேன் என்றவன் முப்பதாவது நிமிடம் போன் செய்து, வேறு சவாரி கிடைத்துவிட்டது என்றான். மாமா சாலையில் இறங்கிக் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். வேலைக்குப் போகிற சட்டை, நெஞ்சில் கம்பெனி முத்திரை, கையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அவர் நின்ற கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு லாரி நின்றது. அவ்வளவு உயரம் அக்காவால் ஏற முடியவில்லை. நாங்கள் தூக்கப் பார்த்தபோது அவளுக்கு மயக்கம் வந்தது. ஒரு கார் நின்றது. அவர்கள் அடுத்த முக்கில் திரும்புகிறவர்கள். மற்ற வண்டிகள் நிற்கவே இல்லை. எங்கள் பக்கத்திலேயே பெட்ரோல் போட வந்த வண்டிகள் இரண்டு நிமிடத்தில் போட்டுக்கொண்டு போயின. அதில் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் எதிர்த் திசைக்காரர். இன்னொருவர் வண்டி நிறையக் குழந்தைகள்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மாற்று ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிற அம்மாள் மாமாவிடம், "எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். மாமா சொன்னார். "அஞ்சரை வரைக்கும் டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லைங்க. இன்னொருத்தர் வந்து ரெடியா இருக்காரு," என்றாள்.

நான்கரைக்குக் கிளம்பினோம். நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு இழுத்துப் பிடித்தால் வருகிற அளவுதான் ஏறியிருந்தது. விரட்ட முடியாது. விரட்டினால் பாதியில் நிற்கும். மெதுவாகப் போனால் நேரம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டினேன். ஐந்தே முக்காலுக்கு மாமாவின் போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இருபது நிமிடம் ஓட்டி அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வேறு எங்கே போவது?

வாசலிலேயே அந்த ஏற்பாட்டு அம்மாள் காத்திருந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசை விடாதீங்க, அடுத்தது வரும் என்றாள். "அவருக்கு ஒத்துப்போச்சா?" என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்று அம்மாள் தலையை ஆட்டினாள். "நல்லாருக்கட்டும்," என்றாள் அக்கா.

அன்றைய டயாலிசிஸ் விட்டுப்போயிருந்ததால் அங்கேயே ஒரு கட்டிலில் போட்டு மெஷினில் மாட்டினார்கள். அடுத்தது வரவே இல்லை. அக்கா அதற்குப் பிறகு ஏழு மாதம்தான் இருந்தாள். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் குழாயில் போவதும் வருவதுமாக இருந்தது. என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"அக்கா, காலைல அவர் சாவிய நீட்டினப்போ…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ விக்கும்போது ஒரு சிரிப்பு வெச்சிருக்க. வீட்ல அந்தச் சிரிப்பு கெடையாது. காலைல அவர்கிட்ட அதத்தான் சிரிச்ச."

"தெரிஞ்சா ஏன்க்கா வாயத் தொறக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"வெளியாள் முன்னாடி உன்னை எப்படிடா விட்டுக்குடுக்கறது?" என்றாள்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், நர்ஸ் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அக்கா ஊசி குத்தாத கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இதை மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத."

"சொல்லாம எப்படிக்கா?"

"சொன்னா அவர் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டார். எனக்கப்புறம் அவருக்கு யாருடா இருக்கா? நீதான் வந்து போகணும். போ, போய் மூஞ்சக் கழுவிட்டு வா."

நான் சொல்லவில்லை. அக்கா போன பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த வீட்டுக்குப் போகிறேன். மாமாவே சமைத்து வைத்திருப்பார். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் இருக்காது. நான் வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி போடுவார். போன வாரம் அவரோடு வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மாமா என் தோளில் கையைப் போட்டு அவருக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார்.

"என் சம்சாரத்தோட தம்பி. அன்னிக்கு அவ்வளவு தூரமும் இவன்தான் ஓட்டிட்டு வந்தான். இவன் மட்டும் கூட இல்லேன்னா நான் ஒடிஞ்சு போயிருப்பேன்."

வந்தவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நானும் கூப்பினேன்.